சிவப்புக் கோடு யார் கையில்?

எமது வர்த்தகர்களின் கணக்கறைகளுக்குக் கணனி வந்து சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பற்றுச்சீட்டு கணனியில் அடிக்கப்படுகிறது. இருப்பு கணனியில் பதியப்படுகிறது. வெளியூர்க் கிளைகளின் விற்பனை விபரம்கூட இரவோடிரவாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால், இத்தனை இடத்துத் தரவுகளும் எந்த ஒழுங்கில் ஒன்று சேர்கின்றன, அந்த ஒழுங்கில் ஒரு படி தவறினால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான முதலாளிமாரின் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் எங்கட கம்பியூட்டர் தம்பி பாத்துக்கொள்வார்."

இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. தரவுகளைச் சேர்க்கும் வேலையைப் படிப்படியாக அமைத்துக் கொடுப்பது கணனி தெரிந்தவரின் பொறுப்பு. ஆனால், எந்தப் படி தவறினால் வேலையை நிறுத்துவது, எந்தப் படி தவறினாலும் தொடர்ந்து போவது என்று தீர்மானிப்பது வியாபாரத்துக்குச் சொந்தக்காரரின் பொறுப்பு. இவ்விரண்டையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடுவதால் ஏற்படும் நட்டத்தைத் தொழில் நிமித்தம் பல கணக்கறைகளில் நான் கண்டிருக்கிறேன். எனவே இவ்வாரம் அது பற்றியே எழுத விரும்புகிறேன்.

கேத்தலும் குசினியும்

ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு வடிவத்தில் கிடக்கும் தரவுகளை எடுத்து, ஒரே வடிவத்துக்கு மாற்றி, ஒரே தரவுத்தளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருள்களைத் தரவு ஒருங்கிணைப்புக் கருவிகள் என்று அழைக்கிறார்கள். இவற்றில் பல உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது எஸ்.கியூ.எல். சேர்வருடன் இத்தகைய கருவியொன்றை வழங்குகிறது. சிறிய நிறுவனங்கள் பல விரும்பிப் பயன்படுத்தி வந்த இலவசக் கருவி 'கெட்டில்' என்பதாகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த மெட் காஸ்டர்ஸ் என்பவர் உருவாக்கிய இது, 2005 டிசம்பரில் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. அடுத்த வருடம் பென்டஹோ நிறுவனம் அதைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. 2015இல் பென்டஹோவை ஜப்பானின் ஹிட்டாச்சி குழுமம் வாங்கியது. அதே கெட்டிலிலிருந்து பிரிந்து வளர்ந்த 'அப்பாச்சி ஹொப்' என்ற திறந்த மூலக் கருவி, 2022 ஜனவரியில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் முழுமையான திட்டமாக அறிவிக்கப்பட்டது.

நாம் வீட்டில் கேத்தல் என்கிறோமே, அதுதான் இந்தக் கெட்டில். அதன் உறுப்புகளுக்கும் குசினிச் சாமான்களின் பெயர்களையே வைத்தார்கள். வேலையைப் படமாக வரையும் திரைக்குப் பெயர் ஸ்பூன். வரைந்த வேலையைத் திரையில்லாமல் நள்ளிரவில் தானாக ஓட்டும் கட்டளைகளுக்குப் பெயர் பேன், கிச்சின். பெயர்கள் விளையாட்டாக இருந்தாலும் உள்ளே நடப்பது விளையாட்டல்ல.

இக்கருவியில் வரையப்படும் வேலைகள் இரண்டு வகைப்படும். ஒன்று 'டிரான்ஸ்போமேஷன்'. மற்றது 'ஜொப்'. அப்பாச்சி ஹொப்பில் இவற்றை முறையே பைப்லைன், வேர்க்ஃப்ளோ என்கிறார்கள். பெயர் மாறினாலும் விடயம் ஒன்றுதான். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாத இடத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

டிரான்ஸ்போமேஷன் என்பது பொதியிடும் மேசை போன்றது. ஒருவர் நிறுக்கிறார், ஒருவர் பையிலிடுகிறார், ஒருவர் ஒட்டுகிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். சாமான் ஒவ்வொன்றாக ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வாறே, ஒரு டிரான்ஸ்போமேஷனின் எல்லாப் படிகளும் ஒன்றாக ஆரம்பிக்கின்றன. தரவு வரிகள் ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டே இருக்கின்றன. முதலாவது முடிந்த பின்னர்தான் இரண்டாவது என்ற ஒழுங்கு அங்கே இல்லை.

ஜொப் அப்படியல்ல. அது துறைமுகத்திலிருந்து கொள்கலன் எடுப்பது போன்றது. ஆவணங்கள் சரியாக இல்லாமல் சுங்கப் பத்திரம் பதிய முடியாது. பத்திரம் பதியாமல் தீர்வை கட்ட முடியாது. தீர்வை கட்டாமல் கொள்கலன் வாசலைத் தாண்டாது. ஒரு படி முடிந்து, "சரி" அல்லது "சரியில்லை" என்ற விடையைத் தந்த பிறகே அடுத்த படி தொடங்கும். இறக்குமதி செய்யும் எம்மவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்று கோடுகள்

ஜொப் ஒன்றை வரையும்போது ஒவ்வொரு படியையும் ஒரு சிறு சதுரமாக வைத்து, அவற்றைக் கோடுகளால் இணைக்கிறார்கள். இக்கோடுகளில் மூன்று வகை உண்டு. பச்சைக் கோடு, முன்னைய படி வெற்றி பெற்றால் மட்டும் போகும் வழி. சிவப்புக் கோடு, முன்னைய படி தோல்வியடைந்தால் மட்டும் போகும் வழி. பூட்டு அடையாளம் இட்ட மூன்றாவது கோடு, வெற்றியோ தோல்வியோ எதுவானாலும் அடுத்ததற்குப் போய்விடும் வழி.

நான் பார்த்த பல ஜொப்களில் பச்சைக் கோடு உண்டு, பூட்டுக் கோடும் தாராளமாக உண்டு. சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. வரைந்து கொடுத்த இளைஞர்களைக் குற்றம் சொல்ல முடியாது. "கண்டிக் கிளையின் விபரம் வராவிட்டால் என்ன செய்ய?" என்று அவர்கள் கேட்டிருந்தால், "அது எப்படி வராமலிருக்கும்?" என்ற பதில்தான் கிடைத்திருக்கும். பிறகென்ன, வேலை எப்படியாவது கடைசிவரை ஓடினால் போதும் என்று பூட்டுக் கோட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவருக்குக் கண்டியிலும் காத்தான்குடியிலும் கிளைகள் உண்டு. ஒவ்வொரு நாளும் கடை மூடியதும் கிளைகள் தமது விற்பனைக் கோப்பைக் கொழும்புக்கு அனுப்பும். இரவில் ஜொப் ஓடி, காலையில் முதலாளியின் கையடக்கத் தொலைபேசிக்கு அறிக்கை வரும். நோன்பு காலத்து விற்பனை சூடு பிடித்திருந்த வேளை, கண்டிக் கிளையின் இணைய இணைப்புப் பழுதடைந்து மூன்று நாட்களாகக் கோப்பு வரவில்லை. ஆனால், பழைய கோப்பு அதே பெயரில் அதே இடத்தில் கிடந்தது. ஜொப் அதையே மறுபடி மறுபடி வாசித்தது. மூன்று நாளும் காலையில் அறிக்கை அழகாக வந்தது. கண்டியில் ஒரு வகைச் சாரி மிக வேகமாகப் போவதாகக் காட்டியது. முதலாளி அந்த வகையை மேலும் மேலும் கண்டிக்கு அனுப்பினார். காத்தான்குடியிலோ அதே சாரியைக் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். பெருநாளைக்குப் பிறகு விற்பனையாகாத அந்தப் பொதிகள் கண்டிக் களஞ்சியத்தில் தேங்கின. அவற்றுக்காகக் கொடுத்திருந்த காசோலைகளின் திகதிகள் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தன.

இங்கே கணனி பழுதடையவில்லை. மென்பொருளிலும் பிழையில்லை. சொன்னதை அது செய்தது. "கோப்பு இன்றையதா?" என்று பார்க்கச் சொல்லவும் இல்லை, "இல்லையென்றால் நில்" என்று சொல்லவும் இல்லை. அறிக்கை வராமலே இருந்திருந்தால் முதலாளி கண்டிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருப்பார். பிழையான அறிக்கை நேரத்துக்கு வந்ததுதான் நட்டத்துக்குக் காரணம்.

ஓர் இரவின் படிகள்

சரி, ஒழுங்கான ஜொப் ஒன்று எப்படி அமைய வேண்டும்? மேற்படி வியாபாரத்தையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

முதலாவது படி, ஆரம்பம். ஒரு ஜொப்புக்கு ஓர் ஆரம்பம்தான் உண்டு. இரவு எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதை விண்டோஸிலுள்ள நேர அட்டவணையிடம் கொடுத்து, அது கிச்சின் கட்டளையை அழைக்குமாறு செய்வது வழக்கம்.

இரண்டாவது படி, கோப்புக்காகக் காத்திருத்தல். கோப்பின் பெயரில் கிளையின் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். அப்போதுதான் நேற்றையது இன்றையதாக வேடம் போட முடியாது. இப்படியில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற எல்லையைக் கொடுக்கலாம். கோப்பின் அளவு இன்னும் வளர்கிறதா, அதாவது பாதி வந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும் வசதியுண்டு. ஆனால், அதே பெட்டியில் "நேரம் கடந்தாலும் வெற்றியாகவே கொள்" என்ற பொருளில் ஒரு சிறு தெரிவும் இருக்கிறது. அதில் அடையாளமிட்டுவிட்டால், கோப்பு வராமலே பச்சைக் கோடு திறந்துவிடும். ஒரு முதலாளி தனது கணனிப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்விகளுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது படி, தரவுத்தளத்துடன் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது. நான்காவது, கோப்பிலுள்ளவற்றைப் பிரதான அட்டவணையில் நேரடியாகக் கொட்டாமல் தற்காலிக அட்டவணை ஒன்றில் இறக்குவது. வந்த சாமானை இராக்கையில் அடுக்க முன்னர் கடை வாசலில் வைத்து எண்ணிப் பார்ப்பதைப் போன்றது இது.

ஐந்தாவது படிதான் மிக முக்கியமானது, சரிபார்த்தல். கிளை முகாமையாளர் இரவில் காசை எண்ணி எழுதிய தொகையும், கோப்பிலுள்ள பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகின்றனவா? இதற்கு, ஒரு டிரான்ஸ்போமேஷன் கூட்டுத்தொகையைக் கணித்து ஒரு மாறியில் வைக்கும். அடுத்த படி அந்த மாறியைப் பார்த்து முடிவெடுக்கும். இவ்விரண்டையும் ஒரே டிரான்ஸ்போமேஷனுக்குள் அடக்க முயன்று தோற்றவர்கள் பலர். அங்கே எல்லாப் படிகளும் ஒன்றாக ஆரம்பிப்பதால், ஒரு படி வைக்கும் மாறியின் பெறுமதியை அதே டிரான்ஸ்போமேஷனின் இன்னொரு படி நம்பி எடுக்க முடியாது. ஒன்று முடிந்த பின் மற்றது என்ற ஒழுங்கு தேவைப்படும் இடத்தில் ஜொப்தான் தேவை.

ஆறாவது படி, பிரதான அட்டவணைக்கு மாற்றுவது. ஏழாவது, இருப்பைத் திருத்துவது. எட்டாவது, வாசித்து முடித்த கோப்பை வேறோர் இடத்துக்கு நகர்த்திவிடுவது. ஒன்பதாவது, அறிக்கையை அனுப்புவது. இப்படிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிவப்புக் கோடு புறப்பட வேண்டும். அது எச்சரிக்கை மின்னஞ்சலுக்குப் போய், அங்கிருந்து வேலையை முறிக்கும் படிக்குப் போய் முடிய வேண்டும்.

அந்த முறிக்கும் படி எதற்கு, மின்னஞ்சல் போனால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கடைசியாக ஓடிய படியின் விளைவையே முழு ஜொப்பின் விளைவாக இக்கருவி எடுத்துக்கொள்கிறது. மின்னஞ்சல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அது ஒரு வெற்றி. ஆகவே, "உங்கள் வேலை தோற்றுவிட்டது" என்ற செய்தியை வெற்றிகரமாக அனுப்பிவிட்டு, ஜொப் தன்னை வெற்றி என்று பதிந்துகொள்ளும். கிச்சின் கட்டளை வெளியே கொடுக்கும் இலக்கம் வெற்றியைக் குறிக்கும் 0 ஆகவே இருக்கும். அதைப் பார்த்து அடுத்த வேலையைத் தொடங்கக் காத்திருக்கும் கணனிக்கு உண்மை தெரிய வராது.

மின்சாரம் போனால்

எமது நாட்டில் ஜொப் வரையும் எவரும் மறக்கக் கூடாத விடயம் மின்சாரம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருளில் மூழ்கியதும் நினைவிருக்கும். ஜொப் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து ஓட்டுவதுதான் எவருக்கும் தோன்றும் வழி. ஆனால், ஆறாவது படி ஏற்கனவே முடிந்திருந்தால், மறுபடி ஓட்டும்போது அதே விற்பனை இரண்டாவது தடவையும் பதியப்படும். விற்பனை இரட்டிப்பாகும், இருப்போ காகிதத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகும்.

இதற்கு மருந்து எளிது. குறித்த கிளையின், குறித்த திகதிக்குரிய பதிவுகளை முதலில் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்குமாறு ஆறாவது படியை அமைக்க வேண்டும். ஏழாவது படியும், பழைய இருப்பிலிருந்து கழித்துக்கொண்டே போகாமல், பதிவான விற்பனைகளிலிருந்து இருப்பை மீண்டும் கணிக்க வேண்டும். அப்போது ஒரு தடவை ஓட்டினாலும் பத்துத் தடவை ஓட்டினாலும் விடை ஒன்றாகவே இருக்கும். "மறுபடி ஓட்டினால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடியாத ஜொப்பை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

வேகத்துக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வதும் உண்டு. மூன்று கிளைகளின் கோப்புகளையும் ஒரே நேரத்தில் வாசிக்கும்படி, அடுத்த படிகளைச் சமாந்தரமாக ஓட்டும் வசதி கெட்டிலில் இருக்கிறது. ஆனால், பிரிந்த பாதைகள் பின்னர் ஒரே படியில் வந்து சேரும்படி கோடு போட்டாலும், அவை ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை. ஒவ்வொரு பாதையும் அந்தப் படியைத் தனித்தனியே ஓட்டும். மூன்று கிளைக்கு மூன்று அறிக்கை வரும், மூன்றும் வெவ்வேறு தொகையோடு. சமாந்தரமாக ஓட வேண்டிய பகுதியை ஒரு தனி ஜொப்பாக வரைந்து, அதைப் பெரிய ஜொப்பின் ஒரு படியாக வைப்பதே முறை. அந்தச் சிறிய ஜொப் முழுதாக முடிந்த பிறகே பெரியது அடுத்த படிக்குப் போகும்.

முதலாளி பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்

இதுவரை சொன்னவை கணனிப் பொறுப்பாளர் அறிந்திருக்க வேண்டியவை. இனிச் சொல்பவை அவரால் பதில் சொல்ல முடியாதவை.

ஒரு கிளையின் கோப்பு வராவிட்டால் முழு அறிக்கையையும் நிறுத்துவதா, அல்லது வந்த கிளைகளை மட்டும் காட்டி, தலைப்பிலேயே "கண்டி வரவில்லை" என்று எழுதி அனுப்புவதா? சில்லறைக் கடைக்கு இரண்டாவது போதும். ஆனால், அந்த அறிக்கையை வைத்தே அடுத்த நாள் கொள்வனவு செய்பவருக்கு முதலாவதுதான் பாதுகாப்பு.

காசுக்கும் கோப்புக்கும் எவ்வளவு ரூபா வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வது? சில்லறை இல்லாத குறையால் வரும் சிறு தொகைக்கெல்லாம் வேலையை நிறுத்தினால், கிளை முகாமையாளர்கள் தொகையைத் தாமாகவே "சரிப்படுத்தி" அனுப்பப் பழகிவிடுவார்கள். எல்லையே இல்லாமல் விட்டால் களவு மறைந்துபோகும். இந்தத் தொகையைத் தீர்மானிக்க இருபத்திரண்டு வயது இளைஞருக்கு அதிகாரமும் இல்லை, அனுபவமும் இல்லை.

எந்த நாட்களில் கோப்பு வராதது பிழையாகாது? போயா தினத்தில் வங்கிகள் மூடியிருக்கும். அன்று வங்கியிலிருந்து விபரம் வராது. வெள்ளிக்கிழமை மூடும் கிளையிலிருந்து விற்பனை வராது. இந்நாட்களை ஓர் அட்டவணையில் பதிந்து, ஜொப் முதலில் அதைப் பார்க்குமாறு செய்யாவிட்டால், ஒவ்வொரு போயாவுக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். மூன்றாவது மாதத்தில் அதை யாரும் திறந்தும் பார்க்க மாட்டார்கள். உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அப்படியே.

வரி வீதம் மாறினால் யார் எங்கே மாற்றுவது? பெறுமதி சேர் வரி 2022 ஜூன் 1ஆம் திகதி 8 வீதத்திலிருந்து 12 வீதமாகவும், அதே வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதி 15 வீதமாகவும், 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 வீதமாகவும் உயர்ந்தது. வீதத்தை டிரான்ஸ்போமேஷனுக்குள் அங்கங்கே எழுதி வைத்திருந்த கடைகளில், ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் மறந்த கதைகள் உண்டு. அதைவிடச் சிக்கலானது, புதிய வீதத்தை எழுதிய பிறகு பழைய மாதமொன்றின் கோப்பை மறுபடி ஓட்ட நேர்ந்த கதை. பழைய விற்பனைக்கெல்லாம் புதிய வரி விழுந்துவிட்டது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை எந்த வீதம் என்ற சிறு அட்டவணையொன்றை வைத்து, பற்றுச்சீட்டின் திகதியைக் கொண்டு வீதத்தை எடுப்பதே சரியான வழி. அந்த அட்டவணையில் கை வைக்கும் உரிமை கணக்காளருக்கு இருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி. எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும்? பெரும்பாலான கடைகளில் அது கணனித் தம்பிக்கு மட்டும் போகிறது. அவர் விடுமுறையில் இருந்தால், அல்லது வெளிநாடு போய்விட்டால், அந்த மின்னஞ்சல் யாருமற்ற வீட்டின் கதவைத் தட்டுகிறது. கோப்பை அனுப்பாத கிளையின் முகாமையாளருக்கும் கணக்காளருக்கும் அது போக வேண்டும். வேலையை மறுபடி ஓட்டும் அனுமதி யாருக்கு உண்டு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மறுப்புகள்

எமது அளவுக்கு இதெல்லாம் எதற்கு, எக்ஸெல் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஒரே ஒரு கடை, ஒரே ஒரு கணனி என்றால் நானும் அதையே சொல்வேன். இரண்டு கிளைகள், ஒரு களஞ்சியம், இரண்டு வங்கிக் கணக்கு என்று வந்த பின்னர், ஒவ்வொரு காலையும் ஒருவர் குந்தியிருந்து நகலெடுத்து ஒட்டும் முறை நீடிக்காது. அதிலும் படிகள் உண்டு, தவறும் உண்டு. ஆனால், எங்கே தவறியது என்று காட்ட ஒரு கோடுகூட இல்லை.

நல்ல கம்பனியொன்றிடம் பணம் கொடுத்து முழுப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டால் என்ன என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், கருவிகள் நிலையானவை அல்ல. பலரும் நம்பியிருந்த டாலென்ட் ஓப்பன் ஸ்டூடியோ என்ற இலவசக் கருவி 2024 ஜனவரி 31ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. கருவி மாறும்போது, செய்து கொடுத்தவர்களும் மாறும்போது, உங்கள் கையில் மிஞ்ச வேண்டியது எந்தப் படிக்குப் பின் எந்தப் படி, எது தவறினால் எங்கே போவது என்ற அந்த ஒழுங்குதான். அது உங்களிடம் எழுத்தில் இருந்தால், எந்தக் கருவியிலும் மறுபடி வரைந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் புதிதாக வருபவர் தன் ஊகத்தை உங்கள் கணக்கில் எழுதுவார்.

ஆகவே, கணனிக்கு முன்னால் அமர முதல் ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் அமருங்கள். முதலாளி, கணக்காளர், கிளை முகாமையாளர் ஒருவர், கணனிப் பொறுப்பாளர் ஆகிய நால்வரும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். படிகளைச் சதுரங்களாக வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் புறப்படும் சிவப்புக் கோடு எங்கே போக வேண்டும் என்று முதலாளியே சொல்லட்டும். பதில் தெரியாத சதுரத்துக்கு அருகில் கேள்விக்குறி இடுங்கள். ஜொப் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கடைகளிலும் இத்தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அத்தோடு, வியாபாரம் மந்தமான ஓர் இரவில், கணனிப் பொறுப்பாளரிடம் சொல்லாமல், ஒரு கிளையின் கோப்பை அனுப்ப வேண்டாம் என்று அக்கிளைக்கு அறிவியுங்கள். மறுநாள் காலையில் உங்கள் தொலைபேசிக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். "இந்தக் கிளை வரவில்லை" என்ற செய்தி வந்தால் உங்கள் தம்பிக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். வழமை போல அழகான அறிக்கை வந்தால், அன்றைய கொள்வனவை நிறுத்திவிட்டு அந்த வெள்ளைத் தாளை எடுங்கள்.